பப்பாளி மாஸ்டரும் பதினேழாம் படிச் சேவலும்

எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே காட்டுச் சேவல் ஒன்று வந்து குடியேறி, விடிவதற்கு முன்னாலேயே கூவிக் கூவி, ஏழாம் மாடி அம்மா நகர மன்றத்துக்கு மூன்று பக்கம் புகார் எழுதினாரே, அதற்கு முந்தின வருஷம் நடந்தது இது. தேதி, மாதம் எல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். சேவல் வருவதற்கு முன், வந்ததற்குப் பின், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அந்த வருஷம்தான் எனக்குப் பப்பாளியோடு பழக்கம். இந்தத் தீவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சல்லடை போட்டுச் சலித்தாலும், ஒன்றுமே செய்யாமல் இவ்வளவு பேர் வாங்கிய இன்னொரு மனிதரை நீங்கள் பார்க்க முடியாது. ஒன்றுமே செய்யாமல் என்றால் சோம்பேறி என்று நினைக்க வேண்டாம். ஒன்றும் செய்யாமலிருப்பதை முழுநேர வேலையாகச் செய்தவர்.

அவர் தொழில் தலை பிடிப்பது. தலையில் அடிபட்டுக் கிறுகிறுப்பு நிற்காதவர்கள், தாடை வலித்து வாய் திறக்க முடியாதவர்கள் எல்லாரும் அவரிடம் போவார்கள். படுக்க வைப்பார். தலைமாட்டில் ஒரு முக்காலி போட்டு உட்காருவார். இரண்டு உள்ளங்கைகளையும் மண்டைக்கு அடியில் கொடுத்துப் பிடித்துக்கொள்வார். அவ்வளவுதான். அமுக்க மாட்டார், தேய்க்க மாட்டார், எண்ணெய் கிடையாது. நாற்பது நிமிஷம் அப்படியே இருப்பார். நடுநடுவில் விரலை நெல்லளவு நகர்த்துவார்.

தேக்கா சந்தையில் பப்பாளியை அமுக்கிப் பார்த்தால் கடைக்கார அம்மா என்ன பாட்டுப் பாடுவார் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் தெரிந்தவர்கள் அமுக்காமல் இரண்டு கையாலும் ஏந்தி, கனம் பார்த்து, பழமா காயா என்று சொல்லிவிடுவார்கள். அந்த மாதிரித்தான் இவர் பிடிப்பது. யாரோ ஒருவர் “பப்பாளி” என்றார். அதுவே நின்றுவிட்டது. அவருக்கும் கோபம் இல்லை.

“அமுக்காமக் கண்டுபிடிக்கிறவன்தாண்ணே தொழில்காரன்” என்பார். அதுவும் வருஷத்துக்கு ஒரு முறைதான் சொல்வார். பேச்சு என்பது அவரிடம் சம்பள நாள் மாதிரி, எப்போதாவது வரும்.

ஆனால் ஒரு காலத்தில் இதே மனிதர் தேக்காவில் ஒரு முடி வெட்டும் கடையில் கத்தரி பிடித்தவர். முடி வெட்டி முடித்ததும் தலையை இரண்டு கையாலும் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. ‘படக்’ என்று சத்தம் வரும் பாருங்கள், சிராங்கூன் ரோட்டில் போகிற பஸ்ஸே பிரேக் போடும். முடி வளராதவர்கள்கூட அந்தச் சத்தத்துக்காக வரிசையில் நின்றார்கள். ஒரு நாள் ஒருவருக்கு அப்படித் திருப்பியதில், அந்த ஆள் இரண்டு நாள் உலகத்தை இரண்டிரண்டாகப் பார்த்தார். பிறகு சரியாகிவிட்டார். இவருக்குத்தான் சரியாகவில்லை. கத்தரியைத் துடைத்து உறையில் போட்டார். எங்கேயோ போய் வகுப்பில் உட்கார்ந்து வேறு பாடம் படித்தார். திரும்பி வந்து அதே கடைக்கு மேல்மாடியில் அறை எடுத்தார். சுவரில் ஒரு அட்டை மாட்டினார்.

‘இங்கே சத்தம் வராது. சத்தம் வேண்டுபவர்கள் கீழே போகவும்.’

அந்த மாடிக்குப் போகிற படிக்கட்டைச் சொல்ல வேண்டும். ஏணிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தலை சுற்றுகிறவன் அதில் ஏறித்தான் வைத்தியத்துக்குப் போக வேண்டும். ஏறிவிட்டால் பாதி குணம் என்று அர்த்தம்.

நம் ஆட்களுக்கு இவர் வைத்தியம் பிடிபடச் சில காலம் ஆனது. நமக்கு வைத்தியம் என்றால் கசக்க வேண்டும், இல்லாவிட்டால் வலிக்க வேண்டும். ஒரு லாரி டிரைவர் வந்தார். நாற்பது நிமிஷம் படுத்து எழுந்து உட்கார்ந்து, “எப்ப மாஸ்டர் ஆரம்பிப்பீங்க?” என்றார்.

“முடிஞ்சிருச்சு.”

“என்ன முடிஞ்சிருச்சு? சும்மா பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க!”

“நீங்க கொறட்டை விட்டீங்க” என்றார் பப்பாளி. “தூக்கம் வந்து எத்தனை நாளாச்சு?”

டிரைவர் யோசித்தார். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அடுத்த வாரம் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

சேலைக் கடையில் வாசலில் நிற்கிற லெட்சுமிக்கு ஒரு தீபாவளி நேரத்தில் தாடை பூட்டிக்கொண்டது. காலையிலிருந்து இரவு வரை “வாங்கக்கா, உள்ள வாங்க, பட்டு இருக்கு, ஜார்ஜெட் இருக்கு” என்று கூப்பிட்டால் எந்தத் தாடை தாங்கும்? பப்பாளி பிடித்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு நாளைக்குக் கூப்பிடாதம்மா. சிரிச்சா போதும்” என்றார். லெட்சுமி வாயை மூடிக்கொண்டு சிரித்தபடி நின்றது. இந்தப் பெண் ஏன் பேசாமல் சிரிக்கிறது, உள்ளே என்னமோ இருக்கிறது என்று கூட்டம் கடைக்குள் பாய்ந்ததாம். நான் பார்க்கவில்லை. லெட்சுமி சொன்னது. லெட்சுமி சேலை விற்கிறவள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு அடி விழக் காரணம் அரை வடை.

பிடோக்கில் எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு கல் மேசை இருக்கிறது. மேலே சதுரங்கக் கட்டம் போட்ட மேசை. சாயங்காலம் அங்கே உட்கார்ந்துதான் நான் தேத்தண்ணீர் குடிப்பேன், போகிற வருகிறவர்களோடு பேசுவேன். அன்றைக்குக் கையிலிருந்த அரை வடை நழுவி மேசைக்கு அடியில் விழுந்தது. விழுந்ததைத் தின்னுவதற்காகக் குனியவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மைனா வந்து அசிங்கம் பண்ணுமே என்று குனிந்தேன். எடுத்தேன். மேலே கல் இருப்பதை மறந்து நேராக எழுந்தேன்.

அந்தச் சத்தம் பப்பாளி விட்ட பழைய ‘படக்’கைவிடப் பெரியது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். வடையை மைனா கொண்டு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ரத்தம் ஒன்றும் இல்லை, மூளை குலுங்கியிருக்கிறது, ஓய்வு வேண்டும், டிவி வேண்டாம் என்றார்கள். பற்களை இறுகக் கடித்துக்கொண்டே முட்டிக்கொண்டதால் தாடையும் போச்சு. வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. திறந்தால் ‘க்ளிக்’ என்று சுவிட்ச் போடுகிற சத்தம். இட்டிலியைக்கூடக் குறுக்காக வெட்டித்தான் உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

தாடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வேறொன்று நடந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரருக்குச் சேவல் கதை சொல்ல ஆரம்பித்தேன். செம்பவாங் கப்பல் பட்டறையில் நான் வேலை பார்த்தபோது நடந்தது. நாற்பது வருஷமாக நான் சொல்லி வருகிற கதை. சொல்லிக்கொண்டே போகிறேன், முடிவுக்கு வருகிறேன், முடிவு இல்லை. இருட்டில் படியிறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று கால் வைத்து, அங்கே படி இல்லாமல் போகுமே, அந்த மாதிரி.

என் மண்டையில் வேறு என்ன சொத்து இருக்கிறது? பள்ளிக்கூடம் போனதில்லை. பட்டறையில் முப்பத்தோரு வருஷம் கிரேனுக்குக் கை காட்டுகிற வேலை. கிரேன் ஓட்டுகிறவர் மேலே, நான் கீழே. இரைச்சலில் பேச்சு காதில் விழாது. தூக்கு, இறக்கு, நிறுத்து, எல்லாம் கைதான். முப்பத்தோரு வருஷம் பேசாமல் சேர்த்து வைத்ததைத்தான் ஓய்வு பெற்றதிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறேன். அதில் ஓட்டை விழுந்தால்?

யாரிடமும் சொல்லவில்லை. ஏனென்றால் என் மகன் குமார் கட்டில் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

“அப்பா, ஆறு வாரம் கழிச்சு டாக்டர் திரும்பப் பார்ப்பாங்க. மெமரி எல்லாம் செக் பண்ணுவாங்க. அதுக்குள்ள ஓகே ஆகலேன்னா நீங்க ஜூரோங் வந்துடுங்க. தனியா பிடோக்ல விட முடியாது லா.”

ஜூரோங்கில் மகன் வீட்டில் எனக்கு என்ன குறை? ஒரு குறையும் இல்லை. தனி அறை, குளிர்சாதனம், மருமகள் தங்கமானவள். ஆனால் காலை எட்டு மணிக்கு ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் சாயங்காலம் வரை நானும் குளிர்சாதனப் பெட்டியும்தான். பிடோக்கில் என் கல் மேசை இருக்கிறது. அடித்தது அதுதான், ஆனாலும் அது என் மேசை.

அப்படித்தான் நான் அந்த ஏணிப்படியில் ஏறினேன்.

பப்பாளி முதலில் கேட்டது, “டாக்டர் லெட்டர் இருக்கா?”

லெட்டர் இல்லாமல் எந்தத் தலையையும் தொட மாட்டார். கொடுத்தேன். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். ஆஸ்பத்திரி டாக்டரம்மா சம்மதித்துத்தான் எழுதியிருந்தார், கழுத்தை மட்டும் திருப்பக் கூடாது என்று. அந்த வரியை மட்டும் இரண்டு தரம் படித்தார்.

“படுங்க அண்ணே. பேசக் கூடாது.”

“ஏன் தம்பி?”

“தாடைக்கு ரெஸ்ட் வேணும்.”

“சரி தம்பி. எனக்கும் பேசப் பிடிக்காதுதான். எங்க டாக்யார்டுல நான் பார்த்த வேலை என்னன்னு தெரிஞ்சா நீங்களே ஆச்சரியப்படுவீங்க…”

அப்படியே சேவல் கதை ஆரம்பமாகிவிட்டது. வேண்டுமென்று இல்லை. சொல்லிக்கொண்டே வேகமாகப் போனால் முடிவு தானாக வந்து விழுந்துவிடாதா என்று ஒரு நப்பாசை.

கதை உங்களுக்கும் தெரிய வேண்டும். பழுது பார்க்க ஒரு கப்பல் வந்தது. அந்தக் கப்பல் சமையல்காரர் ஒரு வெள்ளைச் சேவல் வைத்திருந்தார், சூப்புக்கு. சேவலுக்கு விஷயம் தெரிந்துவிட்டது போல. கப்பலைக் கட்டியிருந்த கயிற்றின் மேலேயே நடந்து தரைக்கு வந்து, பறந்து, எங்கள் கிரேனின் நீட்டிய கை நுனியில் போய் உட்கார்ந்துவிட்டது. கிரேன் ஓட்டுகிறவர் காசிம் பாய், என் உயிர்ச் சிநேகிதர். நான் கீழே நின்று கையைத் தூக்கினால் சேவல் கூவுகிறது. இறக்கினாலும் கூவுகிறது. மேற்பார்வையாளர் கத்துகிறார், சமையல்காரர் கத்தியோடு நிற்கிறார், வேலை நின்றுபோச்சு. காசிம் பாய் கிரேன் ஓட்டுகிற கூண்டை விட்டு வெளியே வந்தார். மத்தியானச் சோற்றுப் பொட்டலத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, கிரேன் கையில் இருக்கிற இரும்புப் படியில் ஊர்ந்து போனார். பதினேழாம் படியில் நின்றார். பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு பிடி சோற்றை எடுத்து, சேவலை நோக்கிக் கையை நீட்டினார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் வெள்ளைத் தாள்.

அந்த இடம் நெருங்க நெருங்க நான் வேகத்தைக் குறைப்பேன். காசிம் பாயின் சம்சாரம் வைக்கிற குழம்பைப் பற்றிக் கொஞ்சம், அந்தக் காலத்து மழையைப் பற்றிக் கொஞ்சம். நாற்பது நிமிஷம் முடிந்துவிடும். “மீதி அடுத்த வாரம் தம்பி” என்று செருப்பை மாட்டிக்கொள்வேன்.

இரண்டாம் வாரம் மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் வாரம் அவர் கையுறை மாட்டி, வாய்க்குள் விரல் விட்டு, கடைவாய்ப் பல்லுக்கு அந்தண்டை இருக்கிற சதையைத் தொட்டார். அந்த இடத்தைத் தொட்டால் ஊமைகூட அலறுவான். நான் அலறவில்லை, கதையை நிறுத்தவும் இல்லை.

“ஹேவல் ஹிரேன் மேல ஏஹி ஒக்காந்துஹிச்சு…”

“அண்ணே, என் விரல் உள்ள இருக்கு.”

“ஹெரியும். ஹாசிம் ஹாய் என்ன ஹண்ணாருன்னா…”

கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். ஆனால் வாரத்துக்கு வாரம் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. இரண்டு விரல் இரண்டரை ஆச்சு, மூன்று ஆச்சு. கிறுகிறுப்பும் குறைந்தது. அவர் கையா, ஓய்வா, நாள் போகப் போகத் தானாகவா என்று நான் கேட்டேன். “எல்லாம்தான்” என்றார். வேறு யாராவது இருந்தால் தன் கைதான் என்று சொல்லியிருப்பார்கள்.

நாலாம் வாரம் ஓர் அதிசயம் நடந்தது. நான் வழக்கம்போல் காசிம் பாயின் கையை நீட்ட வைத்து, மழைக்குத் தாவினேன். பப்பாளி பேசினார்.

“அண்ணே. சேவல் என்ன ஆச்சு?”

“அது பெரிய கதை தம்பி. அடுத்த வாரம்.”

“வெள்ளிக்கிழமைன்னா நான் கோழி பிரியாணி வாங்குவேன். ரெண்டு வாரமா எறங்க மாட்டேங்குது. கரண்டிய எடுத்தா அந்தச் சேவல் மூஞ்சி தெரியுது.”

எனக்குப் பகீர் என்றது. இத்தனை நாளும் நான் சுவரோடு பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுவர் பிரியாணியை விட்டுவிட்டது.

முடிவு தெரிந்தவர் யார்? காசிம் பாய் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. என் சம்சாரமும் இல்லை. மிச்சம் குமார்தான். சின்ன வயசில் அவனைத் தூங்க வைக்க இந்தக் கதையைத்தான் சொல்வேன். ஆனால் அவனிடம் நேராகக் கேட்டால் ஜூரோங் நிச்சயம். போனில் சுற்றி வளைத்தேன்.

“டேய், அந்தச் சேவல் கதை உனக்கு ஞாபகம் இருக்கா?”

“ஆஃப் கோர்ஸ் பா. ஏன், உங்களுக்கு மறந்துடுச்சா?”

“எனக்கா? நல்லாக் கேட்டே! உனக்கு இருக்கான்னு பார்த்தேன். சரி, முடிவைச் சொல்லு பார்ப்போம்.”

“நீங்க சொல்லுங்க பா.”

“நான்தானே மொதல்ல கேட்டேன்?”

இப்படியே பத்து நிமிஷம். இரண்டு பேரும் வாசலில் நின்று நீங்கள் முதலில் போங்கள் என்கிற மாதிரி. போனை வைக்கும்போது அவன் குரல் மாறியிருந்தது. “சாட்டர்டே நானும் உங்க கூட தேக்காவுக்கு வரேன்” என்றான்.

டாக்டர் பார்க்கப்போவது திங்கள். குமார் வந்தது அதற்கு முந்தின சனிக்கிழமை. மேலே ஏறி, அட்டையைப் படித்து, அறையைச் சுற்றிப் பார்த்தான். நான் படுத்திருக்கிறேன். பப்பாளி விரல்கள் என் தாடையின் இரண்டு பக்கமும்.

“பிரதர், கேட்டா தப்பா நினைக்காதீங்க. அப்பா இங்க வந்து என்ன பண்றார்?”

“பேசறார்” என்றார் பப்பாளி.

“சேவல் கதையா?”

“ஆமா.”

குமார் நாற்காலியை இழுத்து என் கண் முன்னால் போட்டு உட்கார்ந்தான். “அப்பா, ஸ்ட்ரெய்ட்டா சொல்லுங்க. இப்ப அந்தக் கதைய முழுசா, கடைசி வரைக்கும் சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நான் ஜூரோங் பேச்சே எடுக்க மாட்டேன்.”

ஆரம்பித்தேன். வேறு வழி? கப்பல் வந்தது. சேவல் வந்தது. கிரேன், கத்தி, சோற்றுப் பொட்டலம். குமார் கண்ணிமைக்காமல் பார்க்கிறான். குழம்பைப் பற்றிச் சொல்லப் போனேன். “குழம்பு வேணாம் பா” என்றான். மழைக்குப் போனேன். “மழையும் வேணாம்.” ஒதுங்க ஓர் இடம் பாக்கி இல்லை. பதினேழாம் படி. காசிம் பாய் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நிற்கிறது.

“அப்புறம் பா?”

“வாயை மூடுங்க!”

கத்தியது பப்பாளி. அந்த அறையில் அந்த மாதிரிச் சத்தம் அதுவரை கேட்டதில்லை. கீழே முடி வெட்டுகிறவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த நொடி கையுறை விரல் என் வாய்க்குள்.

“இப்பத்தான் தாடை எடத்துக்கு வருது. இன்னும் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

“பிரதர், ஒன் செண்டன்ஸ்தான். முடிவை மட்டும்…”

“முடிவு எனக்குத் தெரியும். எல்லாம் சொல்லிட்டார்.” கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல் பேசினார். “ஆறு வாரமாக் கேக்கறேன். ஒரு வார்த்தை மாறல. காசிம் பாய் எத்தனையாவது படியில நின்னார், உங்களுக்குத் தெரியுமா?”

குமார் விழித்தான். “இப்ப சொன்னாரே… பன்னெண்டு?”

“பதினேழு. ஆறு வாரமும் பதினேழு. பொட்டலத்தைக் கட்டியிருந்த நூல் என்ன கலர்? செவப்பு. மேற்பார்வையாளருக்கு எந்தக் காலணி கிழிஞ்சிருந்துச்சு? எடது. நீங்க இப்பக் கேட்டதே உங்களுக்கு ஞாபகம் இல்ல. யாரு தம்பி ஜூரோங் போகணும்?”

குமார் ஏற்கெனவே ஜூரோங்கில்தான் இருக்கிறான் என்று சொல்ல நினைத்தேன். வாயில் விரல்.

மகன் சிரித்துவிட்டான். “ஓகே, ஓகே லா” என்று எழுந்து, மூன்று பேருக்கும் தேத்தண்ணீர் வாங்கி வரக் கீழே இறங்கினான். காலடிச் சத்தம் போனதும் பப்பாளி விரலை எடுத்தார்.

“அண்ணே. முடிவு தெரியாதுதானே?”

“தெரியல தம்பி” என்றேன். எழுபத்தாறு வயசில் அழுவதற்கு வெட்கமாக இருந்தது. படுத்திருந்ததால் கண்ணீர் காதுக்குள் போனது. “எப்படிக் கண்டுபிடிச்சீங்க? மண்டையப் பிடிச்சா தெரியுமா?”

“அதுக்கு மண்டை எதுக்கு? அந்த எடம் வந்தா ஒவ்வொரு வாரமும் உங்க கால் கட்டைவிரல் மடங்குது.” கையுறையைக் கழற்றினார். “மகன்கிட்ட மறைக்கலாம். டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாது. திங்கக்கெழமை மொதல்ல இதைச் சொல்லுங்க. சொல்வேன்னு சொல்லிட்டு எழுந்திரிங்க.”

சொல்வேன் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.

திங்கட்கிழமை குமாரை வெளியே உட்கார வைத்துவிட்டு, என் பாதி மலாய் பாதி ஆங்கிலத்தில் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நிறையக் கேள்வி கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார், மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார். கடைசியில், ஒரே ஒரு கதையின் வால்தானே காணோம் அங்கிள், அடிபட்டால் இப்படி ஆவதுண்டு, திரும்பியும் வரலாம், வராமலும் போகலாம், வீட்டில் நீங்கள் தனியாக இருக்கலாம் என்றார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். குமாரிடமும் அதையே சொன்னார். வால் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. நல்ல பெண்.

அடுத்த வாரம், ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு தேக்காவுக்குப் போனேன். ஏணிப்படிக்குக் குறுக்கே பலகை அடித்திருந்தது. கட்டடத்தைப் பழுது பார்க்கப் போகிறார்களாம்.

“பப்பாளி எங்கே?” என்று கீழே கடையில் கேட்டேன்.

“போயிட்டாருண்ணே. ஜூரோங் பக்கம்னு ஒருத்தர் சொல்றார், செம்பவாங்னு ஒருத்தர் சொல்றார்.”

“உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?”

“அவர் என்னைக்குப் பேசினார்?”

போன் நம்பரும் கிடையாது. போன் சத்தம் போடும் என்று அவர் வைத்துக்கொள்ளவே இல்லை. வருகிறவர்கள் பெயர் எழுத அறை வாசலில் ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கும், அவ்வளவுதான். அந்த நோட்டைக் கடைக்காரர் எடுத்து வைத்திருந்தார். எனக்கு எழுதப் படிக்க வராது என்று தெரிந்து, அவரே கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டினார். எல்லார் பெயருக்கும் பக்கத்தில் தாடை, கழுத்து, தலைவலி என்று பப்பாளி குறித்திருந்தார். என் வரியில் இருந்தது இவ்வளவுதான்: ‘பிடோக் அண்ணே. சேவல்?’

வாழைப்பழத்தை முடி வெட்டும் கடையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதற்கு அடுத்த வருஷம்தான், நான் முதலில் சொன்னேனே, அந்தக் காட்டுச் சேவல் எங்கள் புளோக்குக்கு வந்தது. ஏழாம் மாடி அம்மா அதை விரட்டுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் நான் கல் மேசையில் உட்கார்ந்து பொட்டலச் சோறு தின்றுகொண்டிருந்தேன். சேவல் பத்தடி தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தது. இங்கே காட்டுப் பறவைக்குத் தீனி போட்டால் அபராதம் என்று எனக்குத் தெரியும். நான் போடவில்லை. ஒரு பிடி சோற்றைக் கையில் எடுத்து, கையைச் சும்மா நீட்டி வைத்திருந்தேன். நீட்டி வைத்திருப்பதற்குச் சட்டம் ஒன்றும் இல்லை.

கையை நீட்டினேன் பாருங்கள். காணாமல் போன கதையின் வால் வந்துவிட்டது.

சேவல் காசிம் பாயின் கையிலிருந்த சோற்றைக் கொத்தித் தின்றது. தின்றுவிட்டு அவர் கை மேலேயே நடந்து, தோளில் ஏறி, தலையில் உட்கார்ந்தது. தலையில் சேவலோடு பதினேழு படியும் பின்பக்கமாக ஊர்ந்து, கூண்டு வழியாகத் தரைக்கு இறங்கினார். சமையல்காரர் கத்தியோடு ஓடி வந்தார். காசிம் பாய் கையைக் குறுக்கே வைத்தார்.

“என் கையில சோறு தின்னுடுச்சு. இனிமே அது விருந்தாளி. விருந்தாளிய யாராச்சும் அறுப்பாங்களா?”

தமிழே தெரியாத அந்தச் சமையல்காரருக்கு அது எப்படிப் புரிந்ததோ, கத்தியை மடித்தார். காசிம் பாய் மீதிச் சோற்றையும் குழம்பையும் அவரிடம் கொடுத்துவிட்டு, அன்றைக்குப் பட்டினியாக வேலை பார்த்தார். சேவல் அவர் வீட்டில் கிழடாகிற வரை இருந்தது. பட்டறைச் சங்கு ஊதினால் கூடவே கூவும். காசிம் பாய் வேலைக்குக் கிளம்பத் தாமதமானால் அவர் காலைக் கொத்தும்.

மேலே ஓடிப் போய்க் குமாருக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்படியா பா? நான் அது கறியாயிடுச்சுன்னு இல்ல நெனச்சேன்.”

“உனக்கு முடிவு தெரியும்னியே!”

“எங்க பா? சின்ன வயசுல நீங்க சொல்லும்போது பன்னெண்டாம் படிக்குள்ள தூங்கிடுவேன்.”

ஆக, இந்த நாற்பது வருஷத்தில் அந்தச் சேவல் என்ன ஆனது என்று என்னிடம் கவலைப்பட்டுக் கேட்ட ஆள் ஒருவர்தான். அவரிடம்தான் சொல்ல முடியவில்லை.

ஜூரோங்கோ செம்பவாங்கோ, இதைக் கேட்கிற உங்களில் யாருக்காவது தாடை வலி வரும், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது தலையில் இடித்துக்கொள்வார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு, லெட்டரோடு எங்காவது ஒரு மாடிக்குப் போவீர்கள். ஒல்லியாக ஒருவர் உங்கள் தலையைப் பப்பாளி போல ஏந்திக்கொண்டு, ஒன்றும் செய்யாமல், ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தால், பேசக் கூடாது என்று அவர் சொன்னாலும் பரவாயில்லை, இதை மட்டும் சொல்லிவிடுங்கள். பிடோக் அண்ணன் சொல்லச் சொன்னார், சேவல் கறியாகவில்லை, வெள்ளிக்கிழமை பிரியாணி சாப்பிடலாம் என்று.